பிள்ளையின் உடம்பில் டாக்டர் எதைப் பார்க்கிறார்?



எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சென்ற மாதம் இரண்டு நாள் வைத்தியப் பரிசோதனை நடந்தது. முதல் நாள் 26 பிள்ளைகள் வந்தார்கள். நிறை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கண், காது, பல் எல்லாம் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு பிள்ளையின் சட்டையையும் கழற்றி முதுகு, வயிறு, கை, கால் என்று பார்த்தார். அடுத்த நாள் மிச்சப் பிள்ளைகள் வரவேண்டும். வந்தது 11 பேர்தான்.

என்ன காரணம் என்று தெரியாமல் மேல் லயத்துப் பக்கம் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான் வாயைத் திறந்தார்.

“ஐயா, சட்டைய கழட்டிப் பாத்து, தழும்பு கிழும்பு இருந்தா பொலிசுக்கு எழுதிக் குடுத்துருவாங்களாம். புள்ளைய கொண்டுபோயி ஹோமுல போட்டுருவாங்களாம். ரெண்டு அடி வாங்காத புள்ள இந்த லயத்துல எதுங்கய்யா? அதான் யாரும் அனுப்பல.”

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. சட்டையை ஏன் கழற்றுகிறோம் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சட்டையை ஏன் கழற்றுகிறார்கள்?

முதல் காரணம் சாதாரணமானது. சொறி, சிரங்கு, பூஞ்சணம், நெஞ்சுச் சளி, இரத்தக்குறைவு, முதுகு வளைவு இவையெல்லாம் சட்டைக்கு மேலே தெரியாது. மூச்சு இழுக்கும்போது பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போகிறதா என்று பார்ப்பதற்கும் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளிடம் டாக்டர் காண்பது இவைகளைத்தான்.

இரண்டாவது காரணமும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன். யாராவது பிள்ளையை வதைத்திருக்கிறார்களா, பட்டினி போட்டிருக்கிறார்களா, கெட்ட எண்ணத்தோடு தொட்டிருக்கிறார்களா என்பதையும் டாக்டர் மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார். பேச முடியாத பிள்ளைக்கு உடம்புதான் வாய்.

முன்பு டாக்டர்மாரே இதைப் பற்றி யோசிக்கவில்லை. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் கஃபி என்ற எக்ஸ்ரே வைத்தியர் 6 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பிள்ளைகளின் மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. கை கால் எலும்புகளும் முறிந்திருந்தன. எப்படி முறிந்தது என்று யாரும் சொல்லவில்லை. 16 வருடம் கழித்து, 1962இல், ஹென்றி கெம்ப் என்ற பிள்ளை வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும்தான் இதை வெளிப்படையாக எழுதினார்கள். பிள்ளைகளைப் பராமரிப்பவர்களே சில நேரம் அவர்களை வதைக்கிறார்கள், டாக்டர் அதைக் கண்டுகொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை உயிரோடு வராமல் போகலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் முழுவதும் டாக்டர்மார் இதைப் படிக்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு அரசாங்கம் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை வேண்டுமென்றே அடித்து, வதைத்து, கவனிக்காமல் விட்டு, அதனால் பிள்ளைக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ வரும்படி செய்தால், 2 வருடத்துக்குக் குறையாமல் 10 வருடம் வரை சிறைத் தண்டனை என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. 1998இன் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உண்டானது.

எல்லாத் தழும்பும் குற்றமா?

இல்லவே இல்லை. ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் நெற்றியிலும் அடிபடாமல் இருக்காது. நம் பிள்ளைகள் படிக்கட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்கிறவர்கள். டாக்டருக்கு அது தெரியும். முழங்காலில் காயம் இருக்கிற பிள்ளையைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார், நல்லா விளையாடுதே என்று.

டாக்டர் முக்கியமாக மூன்று கேள்விகளைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறார். காயம் எந்த இடத்தில் இருக்கிறது? பிள்ளையின் வயதுக்கு அந்தக் காயம் படக்கூடியதா? சொல்லுகிற கதையும் காயமும் பொருந்துகிறதா?

இடம்: நாம் விழும்போது எலும்பு முன்துருத்திய இடங்கள்தான் அடிபடும். முழங்கால், முழங்கை, நெற்றி, தாடை நுனி. காது, கழுத்து, வயிறு, முதுகு, பிட்டம், கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை ஆகியவை சும்மா விழுந்து கண்டிப்போவது குறைவு. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உடம்பின் நடுப்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கண்டல் இருந்தால் கவனமாக விசாரிக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடம்பில் எந்த இடத்தில் கண்டல் இருந்தாலும் விசாரிக்கத்தான் வேண்டும். மேலுதட்டுக்கும் பல் ஈறுக்கும் நடுவே இருக்கிற சின்னத் தசைநார் கிழிந்திருந்தாலும் பார்ப்பார்கள். அழுகிற பிள்ளையின் வாயில் போத்தலையோ கரண்டியையோ பலவந்தமாகத் திணித்தால் அப்படிக் கிழியும்.

வயது: 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 3 வயதுக்குக் குறைந்த 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 6 மாதத்துக்குக் குறைந்த 366 குழந்தைகளில் 2 குழந்தைகளுக்கு மட்டுமே கண்டல் இருந்தது. நடக்கிற பிள்ளைகளிலோ பாதிப் பேருக்கு இருந்தது. ஆகவே தவழாத பிள்ளைக்குக் கண்டல் வருவது அபூர்வம். நடக்காத பிள்ளையின் தொடை எலும்பு முறிந்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

கதை: தேத்தண்ணி கோப்பை கவிழ்ந்தால் சூடு சிதறும். ஓரிடத்தில் ஆழமாக, பக்கத்தில் துளித்துளியாகக் காயம் இருக்கும். வேகும் தண்ணீரில் பிள்ளையின் காலைப் பிடித்து அமிழ்த்தினால், மேசோடு போட்டதுபோல் இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் கோடு கிழித்த மாதிரி இருக்கும், சிதறல் இருக்காது. பெல்ட்டுக்கும் வயருக்கும் பிரம்புக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. கடித்த பல் தடம் பெரியவருடையதா சின்னப் பிள்ளையுடையதா என்பதை அளந்து பார்ப்பார்கள். “கட்டில்லருந்து விழுந்திருச்சி” என்று இன்றைக்குச் சொல்லி, நாளைக்கு “அண்ணன் தள்ளிவிட்டுட்டான்” என்றால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். காயம் பட்டு மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தாலும் ஏன் என்று கேட்பார். கொழுந்து எடுக்கிற நாளில் சம்பளம் போய்விடும் என்று பயந்து பிந்தியிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வேறொரு கதை சொல்வதுதான் வீண் சந்தேகத்தை உண்டாக்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழுகையை நிறுத்தாத குழந்தையைக் கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒரு காயமும் தெரியாது. குழந்தையின் தலை பாரமானது, கழுத்துக்குப் பலமில்லை. உலுக்கும்போது மூளை ஆடி, மண்டைக்குள்ளும் கண்ணின் பின்பக்கத்திலும் இரத்தம் கசியலாம். பிறகு பிள்ளை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், தூங்கிக்கொண்டே இருக்கும், வலிப்பு வரும். பிழைத்தாலும் கண் தெரியாமல், கை கால் வராமல் போகலாம். அழுகை பொறுக்க முடியாவிட்டால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அஞ்சு நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். பக்கத்துக் காம்பரா அக்காவைக் கூப்பிடுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அடி மாதிரி தெரியும், ஆனால் அடி இல்லை

இந்தப் பகுதியை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பிள்ளைக் காம்பரா ஆயம்மா என்னிடம் வந்து, 7 மாதக் குழந்தை ஒன்றின் பிட்டத்திலும் இடுப்பிலும் நீலமாக இருக்கிறது, யாரோ அடித்திருக்கிறார்கள் என்றார். நான் நேரே கொழுந்து மடுவத்துக்குப் போனேன். நிறை போட நின்ற பெண்கள் எல்லாருக்கும் முன்னால் அந்தத் தாயைக் கூப்பிட்டு, “புள்ளைய யாரு அடிச்சது? நீயா, ஒம் புருசனா?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு 20 வயதுகூட இருக்காது. கூடையை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். “எம்புள்ள பொறந்ததிலருந்தே அப்புடித்தாங்கய்யா” என்றாள். நான் நம்பவில்லை.

மறுநாள் மருத்துவிச்சி வந்து பார்த்தார். சிரித்துவிட்டார். அது பிறவி நீலப் படலம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களின் குழந்தைகளில் மிகச் சாதாரணமாக இருப்பது. தோலுக்கு அடியில் நிறம் கொடுக்கும் கலங்கள் தங்கிப்போவதால் வருகிறது. வலிக்காது, வீங்காது. அடிபட்ட கண்டல் சில நாட்களில் நிறம் மாறி மறைந்துவிடும். இந்தப் படலமோ மாதக்கணக்கில் அப்படியே இருந்து, பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் தானாக மங்கிவிடும்.

நான் அந்தத் தாயின் காம்பராவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மடுவத்தில் நின்ற பெண்களுக்கு நான் முதலில் சொன்னதுதான் ஞாபகம் இருந்தது. அவள் அந்தப் பேச்சைப் பல மாதம் சுமந்தாள். ஆகவே தாய்மாரே, குழந்தை பிறந்தவுடன் இப்படி ஏதும் நீலம் இருந்தால், சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் எழுதிவிடும்படி மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.

வேறும் பல உண்டு. அட்டைக் கடி வடு. சிரங்குக் கொப்புளம் காய்ந்தால் சிகரெட் சுட்டதுபோல் வட்டமாக இருக்கும். டெங்குக் காய்ச்சலிலும் வேறு சில இரத்த நோய்களிலும் அடிபடாமலே சிவப்புப் புள்ளிகளும் கண்டலும் வரும். எலும்பு இலேசில் உடைகிற பிறவி நோய் ஒன்று இருக்கிறது, சிலருக்குக் கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். வலிப்புக்கும் மஞ்சட்காமாலைக்கும் சூடு போடுகிற பழைய வழக்கத்தாலும் தழும்பு வரும். அது வதைக்க வேண்டும் என்று செய்ததல்ல. ஆனாலும் அதனால் நோய் மாறாது, பிள்ளைக்குப் புண்தான் மிச்சம். இனி யாரும் செய்யாதீர்கள்.

இதனால்தான் டாக்டர் தழும்பைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்வதில்லை. இரத்தம் உறைகிறதா என்று சோதிப்பார். 2 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். கண்டலின் நிறத்தைப் பார்த்து எத்தனை நாள் பழசு என்று சரியாகச் சொல்லிவிடலாம் என்று முன்பு நம்பினார்கள். அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் இன்றைய வைத்திய அறிவு.

ஒரே அடையாளத்தை நம்பியதால் வந்த வினை

1987ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிளீவ்லண்ட் என்ற மாவட்டத்தில், சில மாதங்களுக்குள் 121 பிள்ளைகள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானார்கள் என்று வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். உடம்பில் கண்ட ஓர் அடையாளத்துக்கு அளவுக்கு மேல் நம்பிக்கை வைத்தது அதில் பெரிய காரணம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் பின்னர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அரசாங்கம் விசாரணை வைத்தது, 1988இல் அறிக்கை வந்தது. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, வைத்தியர், பொலிஸ், சமூக சேவையாளர் எல்லாரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், முக்கியமாகப் பிள்ளையைப் பொருளைப்போல் நடத்தாமல் அதன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அதன் பாடம்.

உலக சுகாதார நிறுவனமும், எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி வதை நடந்ததா என்று சலித்துப் பார்க்கும் முறையைச் சிபாரிசு செய்வதில்லை. அப்படிச் செய்தால் குற்றமில்லாத பெற்றோர் பலர் மாட்டுவார்கள், உண்மையாகத் துன்பப்படும் பிள்ளை தப்பிப் போய்விடும். ஆகவே பிள்ளைக் காம்பராவில் நடப்பது அடித் தழும்பு தேடும் வேட்டை அல்ல. நிறை பார்க்கும்போதும், ஊசி போடும்போதும், பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் வைத்தியப் பரிசோதனையிலும், காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும்போதும், கண்ணில் படுவதைக் காணாததுபோல் விடாமல் இருப்பதுதான் முறை.

வறுமை வேறு, கவனியாமை வேறு

“எம்புள்ள நிறை கொறஞ்சிருக்கு. நான் சோறு போடலன்னு சொல்லுவாங்களா?” என்று ஒரு தாய் கேட்டார்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்கு 32 பேர். இது தாய்மாரின் குற்றமல்ல. கூலி, வீடு, தண்ணீர், கர்ப்ப காலச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பிரச்சினை. இதற்கு வேண்டியது திரிபோஷாவும் கிளினிக்கும் நல்ல தண்ணீரும்தான், பொலிஸ் அல்ல.

கவனியாமை என்பது கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் விடுவது. சம்பளம் வந்த அன்றைக்கே கசிப்புக்குப் போய், பிள்ளை வெறும் வயிற்றோடு படுத்தால் அது கவனியாமை. காதில் சீழ் வடிகிறது, டிஸ்பென்சரி பக்கத்தில் இருக்கிறது, ஆறு மாதமாகக் கூட்டிப் போகவில்லை என்றால் அது கவனியாமை. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் நன்றாக இருந்து, ஒரு பிள்ளை மட்டும் மெலிந்து அழுக்காக இருந்தால் டாக்டர் அந்தப் பிள்ளையைப் பற்றித் தனியாகக் கேட்பார். நிறைக் கோடு அதற்குத்தான் உதவுகிறது. நன்றாக ஏறிவந்த கோடு திடீரென்று படுத்துவிட்டால், அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது? தாய் வெளிநாடு போனாரா? பிள்ளையை யாரிடம் விட்டார்கள்? அந்தக் கேள்விகள் பிள்ளைக்காகத்தான்.

உடம்பில் தெரியாத காயம்

பாலியல் துஷ்பிரயோகம் பற்றி வெளிப்படையாகக் கதைக்க நமக்குக் கூச்சம். ஆனால் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியே ஆகவேண்டும். “டாக்டர் பாத்தாரு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு, புள்ள பொய் சொல்லுது” என்று சொல்லாதீர்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இப்படிச் சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்ட சுமார் 2,400 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது 100க்கு 4 பேரின் உடம்பில்தான் அசாதாரணம் தெரிந்தது. தொடுவதும் தடவுவதும் தடம் வைக்காது. காயம் இருந்தாலும் அந்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே பிள்ளை சொல்வதுதான் முதல் சாட்சி.

நடத்தையிலும் தெரியும். படுக்கையை நனைக்காத பிள்ளை மீண்டும் நனைப்பது, ஓர் ஆளைக் கண்டால் ஒளிவது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பது, தூக்கத்தில் அலறுவது, கையில் காரணமில்லாமல் காசும் இனிப்பும் இருப்பது. இவற்றில் ஒன்றிருந்தால் உடனே துஷ்பிரயோகம் என்று அர்த்தமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

பிள்ளை ஏதாவது சொன்னால் திட்டாதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாதீர்கள். நடந்து மூன்று நாளுக்குள் என்றால் குளிப்பாட்டாமல், உடுத்த உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டு, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாள் கடந்துவிட்டாலும் கொண்டுபோகத்தான் வேண்டும். மருந்து, நோய்ச் சோதனை, ஆறுதல் இவற்றுக்கு நேரம் கடந்துபோவதில்லை.

சந்தேகம் வந்தால் என்ன நடக்கும்?

பிள்ளையை உடனே பறித்துக்கொண்டு போகமாட்டார்கள். ஆபத்து என்றால் முதலில் வார்ட்டில் வைத்து வைத்தியம் செய்வார்கள். தாய் கூட இருக்கலாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை எழுதுவார். பிறகு பிள்ளை வைத்தியர், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் பெண்கள் பணியகத்தார், தேவையானால் மனநல வைத்தியர் எல்லாரும் கூடிப் பேசி, பிள்ளை வீட்டுக்குப் போனால் பத்திரமா என்று யோசிப்பார்கள். பிள்ளையை வேறிடத்தில் வைக்க வேண்டுமென்றால் அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். பாட்டி வீடு, சித்தி வீடு என்று உறவுகளிடம் விட முடியுமா என்றும் பார்ப்பார்கள்.

உங்களுக்கும் உரிமை உண்டு. என்ன பரிசோதனை, எதற்கு என்று கேட்கலாம். உள்ளுறுப்புப் பரிசோதனை என்றால் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெண் உத்தியோகத்தர் பக்கத்தில் இருக்கும்படி கேட்கலாம். பிள்ளை பயந்து மறுத்தால் பலவந்தம் பண்ணக்கூடாது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்து விளக்கச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியாகப் பயன்படுத்தவும் இடமுண்டு.

நான் பேசாமல் விட்ட ஒரு தடவை

மடுவத்தில் அவசரப்பட்டுப் பிழை செய்ததைச் சொன்னேன். அதற்கு மாறான பிழையையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2009ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு, 13 வயதுப் பிள்ளை ஒன்று கொழும்பில் வீட்டு வேலையிலிருந்து லீவில் வந்திருந்தது. முழங்கைக்குக் கீழே மூன்று சூட்டுக் காயங்கள், ஒரே அளவில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. “சோறு வடிக்கிறப்ப பட்டுருச்சிங்க” என்றாள். சோறு வடிக்கும்போது அப்படிப் படாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தகப்பன் முன்பணம் வாங்கியிருந்தார், பொங்கல் நேரம், எனக்கும் வேலை புதுசு. “கவனமா இரு தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

ஒன்பது மாதம் கழித்து அவள் வந்தபோது இடக்கை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கை எலும்பு ஒருமுறை முறிந்து, யாரும் மருந்து கட்டாததால் கோணலாகக் கூடியிருந்தது. விலாவிலும் பழைய முறிவு. டாக்டர் என்னிடம் கேட்டார்: “இதுக்கு முன்னுக்கு யாரும் ஒன்றும் காணல்லையா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். கொழுந்து எடுக்கிறாள், இடக்கை முழுதாக எட்டாது. அவளைக் காணும் போதெல்லாம் அந்தப் பொங்கல்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அன்றைக்கே 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம். 2021ஆம் ஆண்டு அந்த வயது 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு, மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமி தீக்காயங்களோடு இறந்ததை நாம் எல்லாரும் கேட்டு அழுதோம். அழுதது போதும். வேலையிலிருந்து லீவில் வருகிற எந்தப் பிள்ளையையும், பலகாரம் கொடுக்கிறதுக்கு முன், கையையும் முதுகையும் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. பரிசோதனை நாளில் பிள்ளையை மறைக்காதீர்கள். முடிந்தால் தாயோ பாட்டியோ கூட வாருங்கள். ஒருநாள் வராத பிள்ளையைத்தான் உத்தியோகத்தர்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

2. பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறவி அடையாளம், விழுந்த காயம், சூடு பட்டது எல்லாவற்றையும் மருத்துவிச்சியிடம் சொல்லி எழுதி வையுங்கள்.

3. சூடு பட்டால் 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், மை பூசாதீர்கள். பிறகு டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

4. கை ஓங்கும் பழக்கத்தை விடப் பாருங்கள். நானும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், அதனால் திருந்தினேன் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அடித்தவர் வரும் சத்தத்தைக் கேட்டால் ஒளியப் பழகினோம், அவ்வளவுதான். வீட்டில் குடியும் சண்டையும் என்றால் என்னிடமோ மாதர் சங்கத்திடமோ சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ‘மித்துரு பியச’ என்ற நட்பு நிலையத்துக்கும் போகலாம்.

5. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அலறினால், அடுத்த வீட்டு விஷயம் என்று விடாதீர்கள். சாட்சி தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சந்தேகம் போதும். 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவசரம் என்றால் பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

6. ஆனால் லயம் முழுக்கக் கதை பரப்பாதீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லுங்கள். மடுவத்தில் நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.

மேல் லயத்துப் பாட்டியிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப எங்க பேத்திய நாளைக்கே டிஸ்பென்சரிக்கு கூட்டியாறேன். சட்டைய கழட்டியே பாக்கச் சொல்லுங்க. ஆனா அந்த டாக்டரம்மா கை ரொம்ப ஜில்லுன்னு இருக்காம், புள்ள அழுவுதாம்” என்றார். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை சுடுதண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

விடுபட்ட பிள்ளைகளுக்கான பரிசோதனை அடுத்த மாதம் முதல் கிழமையில் நடக்கும். நாள் பெரட்டில் அறிவிக்கப்படும். 15 பிள்ளைகளும் வரவேண்டும்.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்